‘கீன்’ என்றால் ஆர்வம் மட்டுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இளையவர்கள் ஒருவரை ஒருவர் எதற்காவது கூப்பிடும்போது முதலில் வரும் ஆங்கிலச் சொல் ‘கீன்’ (keen). கடற்கரைக்குப் போகலாமா, ராத்திரிக்கு பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் டர்பன் சாப்பாடு) வாங்கலாமா, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாத்திரம் கழுவ ஆள் போதவில்லை வர முடியுமா என்று எதைக் கேட்டாலும் “யூ கீன்?” என்ற இரண்டே சொல்லில் கேள்வி முடிந்துவிடும். பதிலும் அதே அளவுதான்: “கீன்”, “நாட் கீன்”, கொஞ்சம் கூடுதலாக “சூப்பர் கீன்”. தென்னாப்பிரிக்க ஆங்கிலம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. நம் தமிழ்க் குடும்பங்களில் அது அக்கா, அண்ணா, பெரியம்மா என்ற உறவுச் சொற்களோடு கை கோத்துக்கொண்டு ஓடுகிறது. “பெரியம்மா, யூ கீன் ஃபார் டீ?” என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். பெரியம்மா கீனாகத்தான் இருப்பார்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் படித்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். வார இறுதியில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். இந்த ஒரு சொல்லைப் பற்றி நீளமாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்தவர்கள் இதை ஒருவிதமாகப் புரிந்துவைத்திருக்கிறோம்; இங்கே அது வேறுவிதமாக வாழ்கிறது. இரண்டுக்கும் அடியில் ஒரே கதை ஓடுகிறது. அந்தக் கதை நம் தமிழ்ச் சொற்கள் சிலவற்றையும் எழுப்பி உட்கார வைக்கிறது.

பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த பொருள் ‘கூர்மையான’. அடுத்த வரியில் ‘ஆர்வமான’. இந்த இரண்டுக்கும் என்ன உறவு என்று பாடத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை. பிறகு வேலைக்கு விண்ணப்பம் எழுதும் வயது வந்தபோது ‘கீன் இன்ட்ரஸ்ட்’ என்ற தொடர் கைக்கு வந்தது. இந்திய ஆங்கில நாளிதழ்களில் அமைச்சர்கள் எதைப் பார்வையிட்டாலும் அதில் ‘கீன் இன்ட்ரஸ்ட்’ காட்டுவார்கள். தேர்தலில் கடும் போட்டி என்றால் அது ‘கீன்லி கன்டெஸ்டட்’ ஆகத்தான் இருக்கும். இப்படிப் பழகிப் பழகி, அந்தச் சொல்லைப் பார்த்தால் கண் தாண்டிப் போய்விடும். பொருள் இருக்கிறது, வெட்டு இல்லை. ‘மிகுந்த ஆர்வம்’ என்று தமிழிலும் அதேபோல எழுதிக்கொண்டிருக்கிறோம்.

டர்பனில் கேட்கும் ‘கீன்’ அப்படி இல்லை. அது மனசில் இருக்கிற ஒரு நிலையை விசாரிப்பதில்லை. நீ கிளம்புவாயா என்று கேட்கிறது. “எனக்கு அதில் ஆர்வம் உண்டு” என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். “ஐ ஆம் கீன்” என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே அந்தச் சொல் ஒரு சின்ன வாக்கு.

முன்னிடைச் சொல்லிலும் இது தெரிகிறது. இங்கிலாந்து வழக்கில் ஒரு பொருளையோ ஆளையோ செயலையோ பிடித்திருந்தால் ‘கீன் ஆன்’ என்பார்கள்: கிரிக்கெட் மேல், மீன் பிடிப்பதன் மேல், பக்கத்து வீட்டுப் பெண் மேல். ஒன்றைச் செய்ய விரும்பினால் ‘கீன் டு’, அதன் பின்னால் வினை: கற்றுக்கொள்ள, உதவ, கிளம்ப. தென்னாப்பிரிக்காவில் மூன்றாவதாக ஒன்று வந்து எல்லாவற்றையும் முந்திக்கொண்டது: ‘கீன் ஃபார்’. ஒரு பிராய்க்கு (தணலில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து), ஒரு நடைக்கு, ஒரு படத்துக்கு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்கூட இப்படிச் சொல்வார்கள். ‘ஆன்’ வந்தால் பிடித்தம், ‘டு’ வந்தால் எண்ணம், ‘ஃபார்’ வந்தால் கூட வரச் சம்மதம் என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்கே நான் எடுத்துச் சொன்னபோது அவர்களுக்கு ஆச்சரியம். பிறந்ததிலிருந்து சரியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லையே.

சொல்லின் பிறப்புக்கு வருகிறேன். நான் வெகுநாள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்: முதலில் கத்தியின் கூர்மை, அதிலிருந்து அறிவின் கூர்மை, அதிலிருந்து ஆர்வம். கண்ணால் பார்க்கிற பொருளிலிருந்து மனசுக்குப் போவதுதானே சொற்களின் வழக்கமான பாதை. இந்தச் சொல் எதிர்ப் பாதையில் வந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது ‘கேனெ’. பொருள்: துணிந்த, வீரமான, சில இடங்களில் அறிவுள்ள. போருக்கு அஞ்சாதவனைச் சொல்லும் சொல். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான ‘க்யூன்’ இன்றும் துணிச்சலைத்தான் குறிக்கிறது; டச்சில் ‘கூன்’. கத்தியின் கூர்மை என்ற பொருள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் சேர்ந்தது. ஆவல் என்ற பொருள் இன்னும் பின்னால், 14-ஆம் நூற்றாண்டின் நடுவில்.

அதாவது, வீரனுக்குச் சொன்ன சொல்லை அவன் கையில் இருந்த வாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாளிடமிருந்து கண்ணும் மூக்கும் காதும் வாங்கிக்கொண்டன. அப்புறம் மறுபடி மனசுக்கே திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை போருக்காக அல்ல, எதையும் செய்யத் துடிக்கிற விருப்பத்துக்காக.

தென்னாப்பிரிக்காவில் இந்தப் பழைய வீரனை இன்னொரு இடத்திலும் சந்திக்கலாம். ஆப்பிரிக்கான்ஸ் பேசும் குடும்பங்களில் கூன்ராட் என்று ஆண்பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்கள். ஜெர்மானியர்களின் கோன்ராட்தான் அது. துணிவு ஒரு பாதி, ஆலோசனை மறு பாதி: துணிவான யோசனை சொல்பவன். ஆங்கிலத்தின் ‘கீன்’ அந்தப் பெயரின் முதல் பாதிக்கு உறவு. ஒரு மொழியில் பெயராகவும், பக்கத்து மொழியில் “டீ வேணுமா?” என்ற கேள்வியாகவும் ஒரே வேர் இந்த ஊர்த் தெருக்களில் நடமாடுகிறது.

இதைப் படித்த நாளிலிருந்து தமிழில் இதற்கு இணையான ஒரு பயணம் உண்டா என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட நம்மிடம் இருப்பது பெரிய புதையல் என்று தோன்றியது.

முதலில் ‘கூர்’. கூரான கத்தி, கூரிய மூக்கு, கூர்ந்த அறிவு என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. “கூர்ந்து கவனி” என்று ஆசிரியர்கள் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் இதே ‘கூர்’ அன்புக்கும் வருகிறது: அன்புகூர்ந்து. அருளுக்கு வருகிறது: அருள்கூர்ந்து. நினைவுக்கு வருகிறது: நினைவுகூர்ந்து. மகிழ்ச்சிக்கு வருகிறது: களிகூர்ந்து. ஒரு கடிதத்தில் ‘அன்புகூர்ந்து’ என்று எழுதும்போது கத்தியின் விளிம்பு நம் நினைவில் இருப்பதில்லை. தொல்காப்பியத்தின் உரியியலில் ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்று ஒரு நூற்பா இருக்கிறது. ஏற்கெனவே இருப்பது இன்னும் மிகுவதையே கூர்ப்பு என்கிறது அது. அன்பு இருக்கிறது, அது மிகுந்து ஒரு பக்கமாகத் திரளும்போது அன்பு கூர்கிறது. இரும்பும் அதே கதைதான்: பரந்து கிடந்த பலம் ஒரு விளிம்பில் போய்ச் சேரும்போது கூராகிறது. அதே உரியியலில் ‘கடி’ என்ற சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லப்படுகிறது. அந்தப் பத்தில் கூர்மை உண்டு, விரைவு உண்டு, மிகுதி உண்டு, சிறப்பும் உண்டு. கூர்மையும் விரைவும் மிகுதியும் ஒரே சொல்லுக்குள் அடங்கும் என்று நம் ஆட்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள்.

அடுத்தது ‘முனை’. எனக்கு மிகவும் பிடித்தது இது. ஊசிமுனை, பேனா முனை, தெருமுனை. போர்முனையும் முனைதான், பழம்பாடல்களில் முனை என்ற ஒற்றைச் சொல்லே போர்க்களத்தைக் குறிக்கும். அங்கிருந்து பாருங்கள்: முனைந்து செய்தான், முனைந்தான், முனைப்பு. கூர்மையான நுனி, போரின் முன்வரிசை, செயலில் இறங்கும் உறுதி, இந்த மூன்றும் ஒரே குடும்பம். ஆங்கிலத்தின் ‘கீன்’ வீரம், விளிம்பு, விருப்பம் என்று நூற்றாண்டுகளாக அலைந்து சேர்த்ததை நம் ‘முனை’ தன் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே ‘கீன்’ என்பதற்கு நேர்த் தமிழ்ச்சொல் ஒன்று கேட்டால் நான் ‘ஆர்வம்’ என்று சொல்ல மாட்டேன். முனைப்பு என்பேன். ஆர்வம் அன்போடு பிறந்த சொல்; குறளில் அன்பு ஈன்று தருவது ஆர்வம். அது மென்மையானது, எதையும் வெட்டாது. முனைப்புக்கு ஒரு திசை உண்டு. எதை நோக்கி என்ற கேள்வி அதோடேயே வரும்.

வருத்தம் என்னவென்றால் இந்த முனைப்பை நாம் அரசாங்க அறிக்கைகளுக்குக் கொடுத்துவிட்டோம். ‘தீவிர முனைப்புடன் செயல்பட்டு வருகிறது’ என்று படித்துப் படித்து, வீட்டுப் பேச்சில் அது வாயில் வருவதே இல்லை. “என் மகள் வீணை கத்துக்கிறதுல முனைப்பா இருக்கா” என்று ஒரு தாய் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எதிர்ப்பதத்திலும் நமக்குக் குறைவில்லை. கத்தி மழுங்கினால் மொண்ணை, மொக்கை. அந்த மொக்கையை எடுத்துத்தான் இன்றைய தமிழ் இளைஞர்கள் சலிப்பூட்டும் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள்: மொக்கைப் படம், மொக்கை ஜோக், மொக்கை போடாதே. இது ஏதோ கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது அருமையான சொல்லாட்சி. கூர் இல்லாத கத்திக்கும் உயிர் இல்லாத பேச்சுக்கும் ஒரு சொல்லைப் பொதுவாக்குவதற்கு மொழியின் உள்ளோட்டம் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பள்ளியும் சொல்லித்தராமலே அவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

டர்பனில் இருந்துகொண்டு கூர்மையைப் பற்றிப் பேசினால் கரும்பைத் தொடாமல் போக முடியாது. 1860 நவம்பர் 16 அன்று, மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு இந்தத் துறைமுகத்தை வந்தடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான் அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். வடக்கே ஸ்டாங்கர், டோங்காட், மவுண்ட் எட்ஜ்கோம்ப், தெற்கே உம்சிண்டோ என்று தோட்டங்கள் நீண்டு கிடந்தன. கரும்பை அடியோடு, தரையை ஒட்டி வெட்ட வேண்டும். கரும்பின் அடிப்பகுதியில்தான் சர்க்கரை அதிகம். மேலே வெட்டினால் நஷ்டம். தரையை ஒட்டி வெட்டும்போது கத்தி மண்ணிலும் கல்லிலும் படும். பட்டால் மழுங்கும். மழுங்கினால் ஒரு வெட்டில் விழ வேண்டிய கரும்பு இரண்டு மூன்று வெட்டு கேட்கும், கை வீங்கும். அதனால் கரும்பு வெட்டுகிறவர் அரம் ஒன்றைக் கூடவே வைத்திருப்பார், வேலைக்கு நடுவே நின்று தீட்டிக்கொள்வார்.

என் கணவரின் ஆயா, அதாவது பாட்டி, இதையெல்லாம் தன் அப்பாவிடம் கேட்டுச் சொன்னவர். அவருடைய தமிழ் வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறி வந்து இங்கேயே நின்றுபோன தமிழ். “கூர் தங்காதும்மா, போடப் போடத்தான் இருக்கும்” என்பார். கத்தியைப் பற்றித்தான் சொன்னார். அவர் சமையலறையில் கருங்கல் துண்டு ஒன்று இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக் கத்திகள் எல்லாம் அதில் ஏறி இறங்கும். மழுங்கின கத்திதான் விரலை அறுக்கும், கூரான கத்தி அறுக்காது என்பதும் அவர் சொன்னதுதான். சமைக்கிற யாருக்கும் இது உண்மை என்று தெரியும். மழுங்கின கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது.

அரத்தைப் பற்றிப் பேசும்போது குறள் ஒன்று தானாக வந்து நிற்கிறது. ‘அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண்பு இல்லா தவர்.’ 997-ஆவது குறள். கூர்மைக்கு எடுத்துக்காட்டாக வாளைச் சொல்லியிருக்கலாம், வேலைச் சொல்லியிருக்கலாம். வள்ளுவர் அரத்தைச் சொல்கிறார். மற்றதை எல்லாம் கூராக்குகிற கருவி அது. அப்படிப்பட்ட அறிவு இருந்தும் மனிதப் பண்பு இல்லையென்றால் மரம். ‘கீன்’ என்ற சொல்லின் இரண்டு பக்கங்களும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கூர் மட்டும் இருந்து நெஞ்சம் இல்லாத அறிவு எந்த ஊரிலும் உண்டு. தோட்டக் கணக்கை எழுதியவர்களின் அறிவும் கூர்மையானதுதான். நோயில் படுத்த நாளுக்கும் கூலியைக் கழிக்கத் தெரிந்த கூர்மை அது.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூர்மை என்றதும் நினைவில் வருவது கத்தியைவிட வேல். தைப்பூசக் காவடி டர்பனில் எவ்வளவு பெரிய திருவிழா என்று தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. தமிழில் ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகூட அன்றைக்கு “வேல் வேல்” என்று தொண்டை கட்டும்வரை கத்தும். வேலின் முகம் அகன்றிருக்கிறது, தண்டு நீண்டிருக்கிறது, நுனி கூர்ந்திருக்கிறது. அறிவும் அப்படி அகலமாகவும் ஆழமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும் என்று கோயில்களில் சொல்வது வழக்கம். வகுப்பில் ‘கூர்’ என்ற சொல்லைச் சொல்லித்தர நான் தேடி அலைய வேண்டியதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டினால் போதும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்ட பழமொழி ஒன்று உண்டு: கடுகைப்போல கீன். மிகுந்த உற்சாகத்தோடு காத்திருப்பவரைச் சொல்வது. லண்டனில் 1742-இல் தொடங்கிய கீன் என்ற கடுகு வணிகக் குடும்பத்தால்தான் இந்தத் தொடர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தொடர் அச்சில் வந்துவிட்டது; கடை வருவதற்கு வெகு முன்னால். அந்தக் கடைக்குப் பெயர்ப் பொருத்தம் வாய்த்தது, அவ்வளவுதான்.

தமிழருக்கு இந்தப் பழமொழி சட்டென்று புரியாது. நாம் கடுகை எண்ணெயில் வெடிக்க விடுகிறோம். வெடித்த கடுகில் வாசம் உண்டு, காரம் போய்விடும். கடுகின் காரம் விதைக்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. விதை நசுங்கி, அதில் நீர் படும்போது மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்து அந்தக் காரத்தை அப்போதுதான் உண்டாக்குகிறது. சூட்டில் அந்த நொதி செத்துப்போகிறது. ஆங்கிலேயர்கள் கடுகு மாவைக் குளிர்ந்த நீரில் குழைத்து, சில நிமிடம் விட்டு, இறைச்சியோடு தொட்டுச் சாப்பிடுவார்கள். மூக்கில் ஏறி உச்சந்தலையில் நிற்கும். தெலுங்கர்களின் ஆவக்காயில் பச்சைக் கடுகுப்பொடி போடுவதால் அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த ‘கீன்’ நாக்கிலேயே தெரியும். ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்ற நம் பழமொழியைச் சொன்னவர்களும் நசுக்கின கடுகை ருசித்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். தாளிதத்தில் மட்டும் கடுகைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேறு சில பயன்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் வாசகர்களுக்கு உதவும். கண், காது, மூக்கு, அறிவு, போட்டி, பசி ஆகியவற்றுக்கு இந்தச் சொல் இயல்பாக வரும். வாடைக் காற்றுக்கும் வரும். கத்திக்கு இன்றைய பேச்சில் பெரும்பாலும் வராது, அங்கே ‘ஷார்ப்’ என்பதே வழக்கம். ‘கீன்’ என்றால் கவிதையில் வருகிற கத்தி. இங்கிலாந்தில் விலைக்கும் சொல்வார்கள்: ‘கீன் பிரைஸ்’ என்றால் போட்டிக்கு ஈடுகொடுக்கும் குறைந்த விலை. கனடாவில் வகுப்பில் எல்லாவற்றுக்கும் கை தூக்குகிற மாணவரை ‘கீனர்’ என்பார்கள், கொஞ்சம் கேலியாக. அமெரிக்கர்களுக்கு ‘கீன் ஆன்’ என்பதே பிரிட்டிஷ் வாசம் அடிக்கிற தொடர். ஒப்பாரி வைத்து அழுவதற்கும் ஆங்கிலத்தில் ‘கீன்’ என்று ஒரு வினை உண்டு. அது ஐரிஷ் மொழியிலிருந்து வந்த வேறு சொல், ஒலி மட்டும்தான் ஒன்று. அயர்லாந்தின் சாவு வீடுகளில் பெண்கள் பாடி அழுத மரபு நம் ஒப்பாரிக்கு எவ்வளவு நெருக்கம் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

எதிர்மறையில் மட்டும் கவனம் தேவை. “ஐ ஆம் நாட் கீன்” என்று பிரிட்டிஷ் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர் சொன்னால், ‘பெரிய ஆர்வம் இல்லை, ஆனாலும் பார்க்கலாம்’ என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது கிட்டத்தட்ட முடிவான மறுப்பு. நயமாகச் சொல்கிற மறுப்பு என்பதால் இன்னும் உறுதியானது. நாம் “பார்க்கலாம்” என்று சொல்லி மறுப்பதைப் போலத்தான். மறுபடி வற்புறுத்தினால் மரியாதை கெடும். டர்பன் பிள்ளைகள் “நாட் கீன்” என்று சொல்லும்போது அந்த நயம்கூட இல்லை. வர மாட்டேன் என்பதுதான். எனக்கு இந்த வெளிப்படை பிடித்திருக்கிறது. வருவேன், வர மாட்டேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல ஒரு சின்னச் சொல் கிடைப்பது பெரிய வசதி.

தமிழ் வகுப்பில் இந்தச் சொல் எனக்கு அன்றாட வேலை. இங்கே தமிழ் பெரும்பாலான வீடுகளில் பேச்சுமொழியாக இல்லை. பாட்டன் பாட்டி பேசினார்கள், பெற்றோருக்குப் புரியும், பிள்ளைகளுக்கு உறவுச் சொற்களும் சாப்பாட்டுப் பெயர்களும் சாமி பாட்டும் மட்டும் தெரியும். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டம், 6-ஆவது பிரிவில், போற்றி மதிக்க வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த மதிப்பு எனக்குப் பெருமை. ஆனால் ஒரு சனிக்கிழமைக் காலையில் படுக்கையை விட்டு எழுந்து ‘ழ’ எழுத வருவதற்குச் சட்டம் போதாது. அதற்குப் பிள்ளை கீனாக இருக்க வேண்டும். ஆர்வம் உள்ளவர்கள் நிறைய. “தமிழ் தெரிஞ்சா நல்லா இருக்கும் ஆண்டி” என்று எல்லாரும் மனதாரச் சொல்கிறார்கள், அதில் பொய் இல்லை. அந்த ஆர்வத்துக்கு ஒரு முனை வேண்டும். எதற்காகத் தமிழ்? ஒரு பையனுக்கு ஆயாவின் பழைய கடிதங்களைப் படிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்குக் காவடியில் பாடும் பாட்டின் பொருள் தெரிய வேண்டும். முனை கிடைத்த பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பொதுவாகத் தமிழ் கற்க வந்தவர்கள் குளிர்காலத்தில் நின்றுவிடுகிறார்கள். இதைப் பார்த்த பிறகு, புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்பது தமிழ் பிடிக்குமா என்று அல்ல. முதலில் எதைப் படிக்க ஆசை என்று கேட்டு, அந்த ஒன்றிலிருந்தே எழுத்தைத் தொடங்குகிறேன்.

ஒரு வகுப்பில் “யூ கீன்?” என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகளே கேட்டார்கள். “முனைப்பா இருக்கியா?” என்று எழுதிப் பார்த்தோம். எனக்கு அந்தச் சொல் எவ்வளவு பிடித்திருந்தாலும், டீக்குக் கூப்பிடுவதற்கு அது ஆகாது. “ஆர்வமா?” என்பது பரீட்சைத் தாள். தமிழ்நாட்டில் நாங்கள் வெறுமனே “வர்றியா?” என்போம், அல்லது “ரெடியா?”, “ஓகேவா?”. மூன்றையும் அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த பெண், “எங்க ஆயா ‘மனசா?’ன்னு கேப்பாங்க” என்றாள். டீ வேண்டுமா, கோயிலுக்கு வருகிறாயா, இந்தப் புடவை பிடித்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் “உனக்கு மனசா?”. “மனசிருந்தா வா, இல்லாட்டி இரு” என்பது ஆயாவின் வழக்கமான வாக்கியமாம். ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்ற பழமொழியில் நாம் வைத்திருக்கும் அதே மனசு. இந்த ஊரில் ‘கீன்’ என்ற ஆங்கிலச் சொல் பரவுவதற்கு முன்பே, அதே வேலையைச் செய்யும் தமிழ்ச்சொல் ஒன்று தோட்டத்து வீடுகளில் இருந்திருக்கிறது.

“எனக்கு மனசு”, “எனக்கு மனசில்லை”, “அவளுக்கு ரொம்ப மனசு” என்று பலகை முழுக்க எழுதினோம். நான்காம் வேற்றுமையை இவ்வளவு சுலபமாக நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று தொடங்க வேண்டும் என்பதில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் எப்போதும் தடுக்கி விழுவார்கள். அன்றைக்கு யாரும் விழவில்லை.

இப்போது ஆடி மாதம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள் வருகிறது. இங்கே இதைப் ‘போரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள். பெரிய அண்டாவில் கூழ் காய்ச்ச, வேப்பிலை கட்ட, வெங்காயம் நறுக்க ஆள் வேண்டும். ‘மனசா?’ என்பதைச் சொன்ன அந்தப் பெண், எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தமிழிலேயே ஒரு செய்தி போட்டாள்: “ஞாயிறு காலை ஐந்து மணி. கூழ் வேலைக்கு யாருக்கு மனசு?” ‘கூழ்’ என்பதில் ‘ழ’ சரியாக இருந்தது. “எனக்கு மனசு” என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. ஒரு பையன் மட்டும் “ஐந்து மணிக்கு மனசில்லை, ஆறு மணிக்கு மனசு” என்று எழுதியிருந்தான். ஆறு மணிக்கு வரட்டும், வெங்காயம் அப்போதும் மிச்சம் இருக்கும் என்று நான் பதில் போட்டேன்.